பாக்கெட் வைக்காத சட்டைகள்

என் பட்டன் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்களா, வயிற்றில் இருப்பது உதைக்கிறதா, ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் வருகிறதா. இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், எனக்குக் கை வரவில்லை, அந்த இடத்தைத் தாண்டி எழுதுகிறேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது பிரி என்று உறையின் மேலேயே எழுதியிருக்கிறேன், அவர் இல்லை என்றால் இத்தோடு மடித்து வைத்துவிட்டு அவர் வந்ததும் உட்கார்ந்து படி, அடுப்படியில் நின்றுகொண்டு படிக்காதே. அப்பா உயிரோடு இருக்கிறார், சாப்பிடுகிறார், பேசுகிறார், கிண்டல்கூட செய்கிறார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது அப்பா கூடவே இருக்கிறார். அவர் காது கேட்க இதைச் சொல்ல எனக்கு நெஞ்சு இல்லை. அவர் காதுக்கு எட்டாமல் தனியாகப் போய்ப் பேசலாம் என்றால் அவரை விட்டு எழுந்து போக முடியாது, போனால் தானாக எழுந்து நிற்கப் பார்க்கிறார், இரண்டு தடவை விழுந்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ, பிரசவத்துக்கு ரெண்டு பேரும் வந்துடுங்கப்பா என்று கூப்பிட்டாய். அப்பாவும் உடனே, வர்றேன்மா, குழந்தைக்கு வேண்டிய துணியெல்லாம் நானே தைச்சு எடுத்துட்டு வர்றேன், கடையில ஒண்ணும் வாங்கி வைக்காதே, கடைத்துணி உறுத்தும் என்றார். நீ எவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தாய். போனை வைத்ததும் பரணில் இருந்து பெட்டியை இறக்கச் சொன்னார், இறக்கி வைத்திருக்கிறேன், கட்டிலுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. அவர் உன்னிடம் பொய் சொல்லவில்லை கண்ணு. தனக்கு ஒன்றும் இல்லை என்று மனசார நம்புகிறார். லேசா மயக்கம், ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில வச்சுப் பார்த்தாங்க, இப்ப கல்லு மாதிரி இருக்கேன் என்று உன்னிடம் சொன்னாரே, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தனக்கு நோய் வந்தது தெரியாமல் இருப்பதும் அந்த நோயிலேயே சேர்ந்தது என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னாள். அப்பாவுக்கு வந்தது பக்கவாதம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. உடம்பின் இடது பாதி போய்விட்டது. கை காலோடு நின்றிருந்தால் பரவாயில்லை, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. நீ போனில் பார்க்கும்போது அவர் கட்டிலில் வலது பக்கம் தெரிகிற மாதிரித்தான் உட்காருகிறார், நான் ஒன்றும் மறைத்துக் காட்டவில்லை, போனை நீட்டினால் அந்தப் பக்கம்தான் திரும்புகிறார்.

அன்றைக்கு நடந்ததை எழுதினால்தான் உனக்கு விளங்கும். பள்ளிக்கூடச் சட்டை தைக்கும் சமயம், கடையில் கால் வைக்க இடம் இல்லை. உனக்குத்தான் தெரியுமே எங்கள் கடை நடக்கும் விதம். அப்பா மெஷினில், அவருக்கு இடது பக்கம் என் ஸ்டூல். அவர் தைத்து முடித்ததை நிமிர்ந்து பார்க்காமலே இடது கையால் நீட்டுவார், நான் வாங்கி பட்டன் துளைக்குக் காஜா எடுத்து பட்டன் கட்டி மடித்து அடுக்குவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கை நீளும், நான் வாங்குவேன், அதற்குப் பேச்சே கிடையாது. அன்றைக்குக் காலையில் வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டுதான் கடைக்குள் வந்தார். கதவை நகர்த்தி வைச்சிட்டாங்களா என்று அவரே சிரித்தார். முதலில் நான்கைந்து சட்டை ஒழுங்காக வந்தது. அப்புறம் கொடுத்த சட்டையில் பாக்கெட் இல்லை. சரி மறந்துவிட்டார் என்று எடுத்து வைத்தேன். அடுத்ததிலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. வெட்டி வைத்த பாக்கெட் துண்டெல்லாம் அவருக்கு இடது கைப்பக்கம் அடுக்கினபடி அப்படியே இருக்கிறது. என்ன, பாக்கெட்டை எல்லாம் சேர்த்து உங்களுக்கு ஒரு கோட்டு தைச்சுக்கப் போறீங்களா என்று கேட்டேன். எல்லாத்துலயும் வச்சாச்சு, முதல்ல நீ போய்க் கண்ணைக் காட்டு என்று எரிந்து விழுந்தார். தேநீர் குடிக்கும்போது வாயின் இடது ஓரமாக வழிந்தது, பேரன் வர்ற நேரத்துல நீங்க குழந்தையாயிட்டீங்க என்று சொல்லி என் தலைப்பால் துடைத்துவிட்டேன். என் கையாலேயே துடைத்தேன் கண்ணு, அந்த உதடு தொங்கியிருந்தது என் விரலுக்குத் தெரியவில்லை.

ஒருவேளை நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சட்டைகளை அப்படியே கொடுத்து அனுப்பியிருந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து யாராவது வந்து சண்டை போட்டிருப்பார்கள், என்னய்யா உனக்கு ஆச்சு என்று கேட்டிருப்பார்கள். நான் என்ன செய்தேன், வேலை நெருக்கத்தில் தவறிப்போகிறது, வெளியே தெரிந்தால் அவருக்கு அவமானம் என்று பாக்கெட் துண்டை எல்லாம் அள்ளிக்கொண்டு பின்னால் இருக்கும் பழைய மெஷினில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நானே வைத்துத் தைத்தேன். அவர் விட்டதை நான் முடிப்பது எனக்கும் பழக்கம் அவருக்கும் பழக்கம். அந்த வேலையில் அரை நாள் போய்விட்டது. வலி இல்லை, கத்தல் இல்லை, மயக்கம் இல்லை. பக்கவாதம் என்றால் ஆள் தடாலென்று விழுவார், கை கால் இழுக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு மனுஷனுக்கு அது சட்டைப் பாக்கெட்டில் வரும் என்று யார் நினைப்பார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டி பஸ் ஓட்டுகிறவர் ஒருவர் பேன்ட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். அப்பா டேப்பை இழுத்துப் பிடித்தார், இடது கையிலிருந்து டேப் நழுவியது, நழுவியதை எடுக்கக் குனிந்தவர் அப்படியே இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டார். காலு மரத்துப் போச்சு, ரொம்ப நேரம் உட்கார்ந்துட்டேன்ல என்று தரையில் கிடந்தபடியே சொன்னார். எதிர்க்கடை சாவிக்காரர் ஓடி வந்தார். முகத்தைப் பார்த்ததும், அண்ணே கொஞ்சம் சிரிங்க, ரெண்டு கையையும் தூக்குங்க என்றார். வாய் ஒரு பக்கம்தான் போனது, ஒரு கைதான் எழுந்தது. அண்ணி, செருப்புகூடப் போட வேண்டாம் ஏறுங்க என்று வண்டியைக் கொண்டு வந்தார். அவருடைய மாமனாருக்கு இப்படி வந்திருக்கிறது, அதனால் தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் ஓட்டமாக நடந்தது. ஒரு டாக்டரம்மா, உன்னை விட இரண்டு வயசு கூட இருந்தால் அதிகம், வந்ததும் கேட்ட முதல் கேள்வி, இவர் கடைசியா எப்போ முழுசா நல்லா இருந்ததைப் பார்த்தீங்க என்றுதான். கீழே விழுந்த நேரத்தைச் சாவிக்காரர் சொன்னார். அப்பாவை ஒரு பெரிய வளையத்துக்குள் தள்ளி மூளையைப் படம் எடுத்தார்கள், சி.டி. என்கிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு, ரத்தக் கசிவு இல்லை, அப்ப அடைப்புதான், நேரத்துக்குள்ள வந்துட்டீங்க, ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கு, போட்டுடலாம் என்றார்கள். நர்ஸ் எடை கேட்டாள், மருந்தை எடுக்கவே போய்விட்டாள். எனக்குத் தலையில் இருந்த பாரம் எல்லாம் இறங்கியது போல இருந்தது. அந்த நிம்மதியில்தான் எனக்கு வாய் வந்தது கண்ணு. காலையிலிருந்தே ஒரு மாதிரிதான் இருந்தார் டாக்டரம்மா, சட்டையில் பாக்கெட்டே வைக்கலை என்றேன். அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். எந்தப் பக்கம் பாக்கெட் வரும் என்று கேட்டாள். சட்டைக்கு பாக்கெட் இடது பக்கம்தானேம்மா என்றேன். வேற என்ன என்றாள். தோளை இடித்தது, தேநீர் வழிந்தது எல்லாம் சொன்னேன். பாக்கெட் வச்சு குடுத்த கடைசிச் சட்டை எப்ப என்று கேட்டாள். கடிகாரம் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் ஒரு சட்டைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியும், அடுக்கில் எத்தனை இருந்தது என்று தெரியும், அதை வைத்து அவளே கணக்குப் போட்டாள். போட்டு முடித்ததும் நர்ஸைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், மருந்து திரும்பிப் போய்விட்டது. ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் அந்த ஊசி நல்லது செய்யுமாம், அதற்கு மேல் போனால் மூளையில் செத்துப்போன இடத்தில் ரத்தம் கசிந்து ஆளையே கொண்டு போய்விடும் ஆபத்து கூடுதலாம். தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து படத்தை எல்லாம் அனுப்பினார்கள். அடைப்பு ரொம்ப உள்ளே சின்னக் கிளையில் இருக்கிறது, கம்பி போகாது என்று அங்கிருந்து பதில் வந்தது.

உன் அத்தை வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் எல்லார் எதிரிலும், உன்னை யாரு கேட்டா, வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா எங்க அண்ணனுக்கு ஊசி போட்டிருப்பாங்கள்ல, சட்டையாம் பாக்கெட்டாம் என்று கேட்டுவிட்டாள். டாக்டரம்மா அத்தையைப் பக்கத்தில் கூப்பிட்டு, இவங்க சொன்னதாலதான் உங்க அண்ணன் இன்னிக்கு உயிரோட இருக்கார்னு வச்சுக்குங்க, தெரியாம நாங்க போட்டிருந்தா என்ன ஆகியிருக்குமோ என்றாள். அதற்கு அத்தை, ஆகியிருக்குமோன்னுதானே சொல்றீங்க, ஆகியிருக்கும்னு சொல்லலையே என்று திருப்பிக் கேட்டாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அத்தைக்கு அண்ணன் என்றால் உயிர், கோபத்தில் கேட்டாள், அப்புறம் ஆஸ்பத்திரியில் இருந்த நாள் எல்லாம் அவள்தான் சமைத்துக் கொண்டு வந்தாள். நீ இதை மனசில் வைத்துக்கொண்டு அவளிடம் முகத்தைத் திருப்பாதே.

இதில் ஒரு கூத்து, சி.டி. படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்று அவர்கள் பேசியது அப்பா காதில் விழுந்துவிட்டது. பார்த்தியா, படத்துலயே ஒண்ணும் இல்லையாம், நீதான் ஊரைக் கூட்டிட்ட, எழுந்திரு கடைக்குப் போகலாம் என்று ஒரே பிடிவாதம். டாக்டரம்மாவிடம் கேட்டேன். அந்தப் படம் முக்கியமாக ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, அடைப்பு என்றால் முதல் சில மணி நேரத்தில் அதில் சரியாகத் தெரியாது, தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது என்று விளக்கினாள். மறுநாள் எம்.ஆர்.ஐ. என்று இன்னொன்று எடுத்தார்கள். அதற்குள் பெரிய காந்தம் இருக்கிறதாம், உடம்பில் இரும்பு எதுவும் இருக்கக்கூடாது என்று கேட்டார்கள். அப்பா ஒண்ணும் இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்குத் தெரியாதா, சட்டையின் இடது மடிப்புக்கு உள்ளே ஊசி குத்தி வைத்துக்கொள்ளும் மனுஷன். மடிப்பைத் திருப்பிப் பார்த்தேன், இரண்டு ஊசியும் நூலோடு அப்படியே இருந்தன. எடுத்து என் தலைப்பில் குத்திக்கொண்டேன். யாருதுடி இது என்று அப்பா கேட்டார். வெளியே நான் உட்கார்ந்திருந்தேன், உள்ளே அந்த இயந்திரம் பத்து மெஷின் ஒரே நேரத்தில் ஓடுவது போலத் தட்டிக்கொண்டே இருந்தது. படம் வந்ததும் டாக்டரம்மா எனக்கும் காட்டினாள். சாம்பல் நிறத்தில் மூளை, அதில் ஒரு இடம் மட்டும் வெள்ளையாகப் பளிச்சென்று, சட்டையில் சோப்பு சரியாகப் போகாமல் காய்ந்துவிட்ட திட்டு மாதிரி. அது படத்தின் இடது பக்கம் இருந்தது. ஆனால் மூளையில் அது வலது பக்கமாம், ஆள் நமக்கு எதிரில் நிற்கிற மாதிரி படத்தை வைப்பார்களாம். அது எனக்கு உடனே புரிந்துவிட்டது, அளவு எடுக்கும்போது எதிரில் நிற்கிறவனின் வலது கை நமக்கு இடது பக்கம்தானே. மூளையின் வலது பாதிதான் உடம்பின் இடது பாதியைப் பார்த்துக்கொள்கிறது, அது கெட்டால் இது கெடும். அந்தத் திட்டு திரும்பவும் பழையபடி ஆகுமா என்று கேட்டேன். அது போனது போனதும்மா, சுத்தி இருக்கிற இடம் கொஞ்சம் கொஞ்சமா அந்த வேலையைக் கத்துக்கும், முதல் சில மாசம்தான் முக்கியம் என்றாள்.

ஏன் வந்தது என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். நெஞ்சில் ஒயர் எல்லாம் ஒட்டிப் பார்த்ததில் அப்பாவின் இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது. மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்குவதால் அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது, ஒரு துணுக்கு உடைத்துக்கொண்டு மேலே போய் மூளையில் சிக்கிவிட்டது. அவ்வப்போது நெஞ்சு படபடங்குது என்று சொல்வாரே, வேலை முடிக்கணும்கிற பதட்டம் என்று விட்டுவிட்டோம். அதோடு பிரஷர். எத்தனை வருஷமாக இருக்கிறது. கொடுத்த மாத்திரையை அவர் சாப்பிடவில்லை கண்ணு. ஏன் தெரியுமா, அந்த மாத்திரை சாப்பிட்டால் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது, நம் கடைக்குக் கழிப்பறை சந்து கடைசியில், பூட்டைத் திறக்கச் சாவி வாங்கிக்கொண்டு போக வேண்டும். சட்டை தைக்கும் சமயத்தில் மெஷினை விட்டு எழுந்துபோக முடியாது என்று, கூட்டம் குறையட்டும் சாப்பிடலாம் என்று நிறுத்தி வைத்தார். தலை வலித்தால் மட்டும் ஒன்று போடுவார். தலைவலி இல்லை என்றால் பிரஷர் இல்லை என்று அவருக்குக் கணக்கு. பிரஷர் சத்தம் போடாதும்மா, அளந்து பார்த்தாத்தான் தெரியும் என்று டாக்டரம்மா சொன்னாள். சர்க்கரையும் விளிம்பில் இருக்கிறது. சிகரெட்டை விட்டுவிட்டார் என்றாலும் ஒரு காலத்தில் குடித்தது, ஒரே இடத்தில் உட்கார்ந்தே வேலை, ராத்திரி மூச்சு நின்று நின்று வரும் குறட்டை, எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். இதில் ஒவ்வொன்றும் நான் தினமும் பார்த்ததுதான். சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

இப்போது வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். தட்டில் சாப்பாடு வைத்தால் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவுதானா, சிக்கனம் பிடிக்க ஆரம்பிச்சுட்டியா என்கிறார். தட்டைத் திருப்பி வைத்தால், இதை முன்னாடியே வச்சா என்ன என்கிறார். முகத்தில் பாதிதான் சவரம் செய்கிறார், மீதியை நான் செய்துவிடுகிறேன், அதனால்தான் போனில் உனக்கு எப்போதும் பளிச்சென்று தெரிகிறார். செய்தித்தாளை எடுத்தால் ஒவ்வொரு வரியிலும் பின்பாதியை மட்டும் படித்துவிட்டு, அச்சடிக்கிறவன் குடிச்சிட்டு அடிக்கிறான் போல என்று சிரிக்கிறார். அவருடைய இடது கையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். வலது கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, யாரோ அளவு குடுக்க வந்தவன் கையை மறந்து வச்சிட்டுப் போயிட்டான், பத்திரமா எடுத்து வை, கேட்டு வருவான் என்றார். பக்கத்தில் இருந்த அத்தை சிரித்துவிட்டாள், சிரித்த வாயை மூடாமலே அழுதாள். அவர் நீட்டி நான் வாங்கின கை கண்ணு அது.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பெண் கண்டிப்பானவள். அவள் எனக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். எது செய்தாலும் இடது பக்கம் இருந்துதான் செய்ய வேண்டும். நாற்காலியை இடது பக்கம் போட்டு உட்கார வேண்டும், தண்ணீரை இடது பக்கம் வைக்க வேண்டும், அங்கிருந்துதான் கூப்பிட வேண்டும். மேஜையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒன்று தைத்து ஒட்டச் சொன்னாள், ஒட்டியிருக்கிறேன், அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்புங்க சார் என்று பழக்குகிறாள். அவள் இருக்கும்போது இரண்டு தடவை திருப்பினார். நான் கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டேன் என்கிறார். இடது பக்கத்திலிருந்து என் குரல் கேட்டதும் வலது பக்கம் திரும்பித் தேடுகிறார். ஜன்னலைப் பார்க்கிறார், கதவைப் பார்க்கிறார், இன்னும் வலது பக்கமாகவே கழுத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். நான் அவர் தோளை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன். பாவம் பார்த்து நீங்க வலது பக்கம் போனீங்கன்னா அவர் கத்துக்கவே மாட்டார், இந்த மாசமெல்லாம் போனா திரும்ப வராது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். நேற்று அத்தையிடம், எங்க அவ, ரெண்டு நாளா ஆளைக் காணோம், கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளா என்று கேட்டார். நான் அங்கேயே இருந்தேன். இதோ இருக்கேங்க என்றேன். கேட்குது, எங்கிருந்து பேசறா என்று அத்தையையே கேட்டார்.

செத்தவர்களுக்கு அழுதால் நாலு பேர் வந்து கூட உட்காருவார்கள். இதற்கு எப்படி அழுவது என்று தெரியவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாம், பேச்சு நல்லா இருக்கே, ஞாபகம் இருக்கே, அது போதும்மா என்கிறார்கள். போதும்தான். பேச்சுப் போய் வெறுமனே விழித்துக்கொண்டு கிடப்பவர்களை ஆஸ்பத்திரியில் பார்த்தேன், அவர்கள் வீட்டுப் பெண்கள் முன்னால் நான் எதைச் சொல்வது. கடையைச் சாத்தித்தான் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் போய்விட்டது, நான் வைத்த பாக்கெட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், இதைக் கவனமாகப் படி. உனக்கும் பிரஷர் கொஞ்சம் கூட இருக்குன்னு டாக்டர் சொன்னாங்கம்மா, ஒண்ணுமில்லை என்று நீ சொன்னபோது உன் அப்பா குரல் மாதிரியே இருந்தது. ஒண்ணுமில்லை என்று சொல்லாதே. இங்கே டாக்டரம்மாவிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது பிரஷர் ஏறினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது, கண்டிப்பாக அளந்து பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள் என்றாள். விடாத தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், மேல் வயிற்றில் வலி, எது வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே, அந்த நேரத்துக்கே போ. அப்பாவுக்கு இருப்பதையும் உங்கள் டாக்டரிடம் சொல். கொடுத்த மாத்திரையை எழுந்து போக வேண்டியிருக்கிறது, குமட்டுகிறது என்று நீயாக நிறுத்தாதே, பிடிக்கவில்லை என்றால் சொல்லி மாற்றி வாங்கு. உப்பைக் குறை. மாப்பிள்ளையிடம் சிகரெட்டை விடச் சொல், அவர் மாடிக்குப் போய்க் குடிப்பது எனக்குத் தெரியும், மாமியார் வருத்தப்படுகிறாள் என்று சொல். உங்கள் இரண்டு பேரில் யாருக்காவது வாய் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு கை கீழே இறங்கினால், பேச்சு குழறினால், இடித்துக்கொண்டு நடந்தால், ஒரு பக்கத்து வேலையை விட்டுவிட்டு மறு பக்கத்தை மட்டும் செய்தால், என்ன ஏது என்று யோசிக்காமல் வண்டியைக் கூப்பிடுங்கள். வலிக்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள். மற்றவர் விட்ட வேலையை முடித்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

எங்களைப் பிரசவத்துக்கு எதிர்பார்க்காதே. அப்பாவிடம் இப்போதைக்கு வர வேண்டாம் என்று நீயே ஏதாவது சொல்லி வை, வீடு மாறுகிறோம் என்று சொல், எது சொன்னாலும் நம்புவார். நான் சொன்னால் நம்பமாட்டார். நீ கிளம்பி வருகிறேன் என்று நினைக்கவே நினைக்காதே, இந்த வயிற்றோடு பயணம் கூடாது. உன்னைப் பெற்றபோது என் பக்கத்தில் யாரும் இல்லை, உனக்கு நான் இருக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன், என் கையில் ஒன்றும் இல்லை. நீயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இரண்டு உயிராகப் பிரிந்து நல்லபடி எழுந்து உட்கார வேண்டும், அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். மாத்திரையை மறக்காதே, போனில் பேசும்போது சாப்பிட்டாயா என்று கேட்பேன், அப்பா முன்னால் அது ஒன்றைத்தான் கேட்க முடியும், நீ ஆமாம் என்று சொன்னால் நான் இந்தக் கடிதம் கிடைத்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன்.

உன் தலையைத் தடவிக்கொண்டே இருக்கும்,
அம்மா.

கையெழுத்துப் போட்டு மடித்த பிறகு திரும்பப் பிரித்து எழுதுகிறேன். இவ்வளவு நேரமும் அப்பாவின் இடது பக்கம், அந்தச் சிவப்பு நாடாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன். நடுவில் மூன்று நாலு தடவை என்னைக் கேட்டார், இங்கேதான் என்றேன், ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், இந்த வீட்டில யாருமே இல்லையா என்று குரல் உடைந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை, நாற்காலியை எடுத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி வலது பக்கம் போய்விட்டேன். முகமெல்லாம் மலர்ந்து, வந்துட்டியா, இவ்வளவு நேரம் எங்க போன, சட்டையெல்லாம் குடுத்தாச்சா என்று கேட்டார். குடுத்தாச்சுங்க என்றேன். நாளைக்கு அந்தப் பயிற்சிப் பெண் வந்தால் என்னைத் திட்டுவாள், திட்டட்டும். நீ படித்தவள், உன்னிடம் கேட்கிறேன். அன்றைக்கு நான் அந்தச் சட்டைகளைப் பற்றி வாயைத் திறக்காமல் நின்றிருந்தால், உன் அப்பா இன்றைக்கு என் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பாரா, இல்லை இந்தக் கட்டிலே காலியாக இருந்திருக்குமா கண்ணு?